"வேற எங்கே போகப் போறீங்க?"

வாசகி கடிதம்:

"நிபோங் தெபாலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். 2013இல் ஓப்பரேட்டராகச் சேர்ந்த அதே தொழிற்சாலையில்தான் இன்றும் வேலை. இப்போது தரக்கட்டுப்பாட்டுப் பகுதியில் லைன் லீடர். 2022இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) ஆனபோது என் அடிப்படைச் சம்பளம் 2,050. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனது. எனக்கு 2,150 ஆக்கினார்கள். நேற்று வந்து சேர்ந்த பிள்ளைக்கும் எனக்கும் 450 வெள்ளிதான் வித்தியாசம். கூட்டித் தரச் சொல்லிக் கேட்டபோது மேனேஜர் சிரித்துக்கொண்டே, 'வேற எங்கே போகப் போறீங்க?' என்றார். உண்மைதான், எங்கள் வட்டாரத்தில் இதை விட்டால் சொல்லும்படியான கம்பெனி இல்லை. பத்து காவான், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைகளுக்குப் போகலாம். ஆனால் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கணவர் லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கும் நாள் குறைவு. வேலைக் கடிதத்தில், விலகினால் ஒரு வருடத்துக்கு இதே தொழிலில் வேறு எங்கும் சேரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அண்ணனோ, 'குறைந்தபட்சச் சம்பளத்தைக் கூட்டக் கூட்ட ஆளைக் குறைப்பாங்க, இருக்கிறதைக் காப்பாத்திக்கோ' என்கிறார். என் 12 வருட உழைப்பின் மதிப்பு இவ்வளவுதானா?"

பெயர் வேண்டாம், செபராங் பிறை தெற்கு, பினாங்கு, மலேசியா

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கும் 2,150 என்ற எண் உங்கள் உழைப்பை அளந்து வந்தது கிடையாது. அந்த இடத்தை விட்டுப் போவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அளந்து வந்தது. உங்கள் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்ன வாக்கியத்தில் அந்த அளவுகோல் அப்படியே இருக்கிறது.

ஊகமாகச் சொல்லவில்லை. 20 வருடத்துக்கு மேல் பினாங்கிலும் பிறையிலும் உள்ள தொழிற்சாலைகளுக்குச் சம்பள அளவு வகுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். ஆண்டுக் கடைசியில் சம்பள உயர்வுக்கு ஒதுக்கிய பணத்தைப் பங்கிட உட்காருவோம். பெயர்ப் பட்டியலில் திறமைப் புள்ளி ஒரு கட்டத்தில் இருக்கும். பக்கத்துக் கட்டத்தில், இவர் விலகிப் போவாரா மாட்டாரா என்பதற்கு ஒரு குறி இருக்கும். ஒரு முறை, நான் அப்போது வேலை பார்த்த இடத்தில், ஒன்பது வருட அனுபவமுள்ள ஒரு பெண்ணின் பெயர் வந்தது. திறமையில் முதல் மூன்று பேரில் ஒருவர். "வீடு பக்கத்திலதான், பிள்ளைங்க இங்கேயே படிக்குது, போக மாட்டாங்க" என்றார் ஒருவர். அவருக்கு என்று வைத்திருந்த உயர்வில் பாதியை எடுத்து, வேறு கம்பெனிக்குப் போய்விடுவார் என்று பயந்த ஓர் இளைஞருக்குக் கொடுத்தோம். நானும் அந்த மேசையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் பக்கம் மீனவக் கிராமங்கள் உண்டு, அதனால் இது உங்களுக்கு உடனே புரியும். கரையில் ஐந்து தவுக்கே (மொத்த வியாபாரிகள்) நின்று மீனுக்கு விலை கேட்டால் மீனவருக்கு ஒரு விலை. ஒரே தவுக்கேதான் வாங்குவார், ஐஸும் அவரிடம்தான், படகுக் கடனும் அவரிடம்தான் என்றால் வேறு விலை. மீன் அதே மீன். விற்பவர் ஒருவராக இருந்து விலையை ஏற்றினால் நாம் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். வாங்குபவர் ஒருவராக இருந்து விலையை இறக்கினால் அது அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. உழைப்பை வாங்குபவர் முதலாளி. ஒரு வட்டாரத்தில் வாங்குபவர் ஒருவர்தான் என்ற நிலைக்கு, கேம்பிரிட்ஜில் இருந்த பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933இல் மொனாப்சனி என்ற பெயரைக் கொண்டுவந்தார். தமிழில் வாங்குவோர் முற்றுரிமை என்று சொல்லலாம்.

அண்ணன் சொன்னதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. ஊரில் ஒரே தொழிற்சாலை. 2,000 வெள்ளிக்கு 10 பேர் வேலைக்கு வருகிறார்கள். பதினோராவது ஆள் 2,100 கொடுத்தால்தான் வருவார். அவருக்கு 2,100 கொடுத்துவிட்டுப் பழைய பத்துப் பேரை 2,000த்திலேயே வைத்திருக்க முடியுமா? முடியாது, அடுத்த நாளே கதவைத் தட்டுவார்கள். ஆகவே அந்த ஓர் ஆளால் ஆகும் செலவு 2,100 இல்லை. அவருடைய 2,100, பழைய பத்துப் பேருக்குத் தலைக்கு 100 வீதம் 1,000, மொத்தம் 3,100. அவர் வந்தால் கம்பெனிக்கு மாதம் 2,800 வெள்ளிக்கு வேலை நடக்கும் என்று வையுங்கள். 2,100 கேட்கும் ஒருவர் 2,800க்கு உழைக்கத் தயார், ஆனாலும் முதலாளி அவரை எடுக்க மாட்டார். சம்பளமும் குறைவாக நிற்கிறது, வேலை கிடைக்க வேண்டியவருக்கும் கிடைக்காமல் போகிறது. இரண்டும் ஒன்றாக நடக்கும்.

இப்போது அரசாங்கம் வந்து, யாருக்கும் 2,100க்குக் குறையக் கூடாது என்கிறது. பழைய பத்துப் பேருக்கும் எப்படியும் அதைக் கொடுத்தாக வேண்டும். பதினோராவது ஆளால் கூடும் செலவு இப்போது வெறும் 2,100தான். அவரால் வருவது 2,800. முதலாளி எடுத்துக்கொள்வார். சம்பளத்தைக் கூட்டியதால் ஆள் கூடியது. அண்ணனுக்கு இது நம்ப முடியாததாக இருக்கலாம், ஆனால் கணக்கில் ஓட்டை இல்லை.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. அதே ஊரில் 2,900 என்று வைத்தால் 2,800க்கு உழைப்பவர் வெளியேதான் நிற்பார். அண்ணனின் பயம் அந்த இடத்தில் சரி. லாபம் ஒட்டியும் ஒட்டாமலும் ஓடுகிற சிறு கடைகளிலும் சரி. எங்கே எது பொருந்தும் என்பது, முதலாளி இதுவரை கொடுத்து வந்த சம்பளத்துக்கும் வேலையின் உண்மையான மதிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறுத்தது.

காகிதக் கணக்கோடு நிற்கவில்லை, நிஜத்திலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஏற்றவில்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரண்டு பக்கத்திலும் சேர்த்து ஏறக்குறைய 400 துரித உணவுக் கடைகளில், ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ஆள் எண்ணிக்கையைக் கேட்டார்கள். ஏற்றிய பக்கத்தில் ஆள் குறையவில்லை. பல வருடம் பெரிய சண்டை நடந்தது இதைப் பற்றி. 2021இல் கார்டுக்கு நோபெல் பரிசு கிடைத்தபோது இந்த ஆய்வும் அதற்கான காரணங்களில் ஒன்று. நம் நாட்டில் முதல் குறைந்தபட்சச் சம்பளம், தீபகற்பத்துக்கு 900 வெள்ளி, 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்த வருடம். 1,000, 1,100, பெரிய நகரங்களில் 1,200, பிறகு எங்கும் 1,500, இப்போது 1,700. ஒவ்வொரு முறையும் வேலை போய்விடும் என்ற எச்சரிக்கை வந்தது. 1,700 வந்த 2025இலும் நாட்டின் வேலையின்மை 3 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது.

உங்கள் கம்பெனி வாசலில் "ஆட்கள் தேவை" பேனர் வருடம் முழுக்கத் தொங்குகிறதா? அநேகமாகத் தொங்கும். ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே சம்பளத்தை மட்டும் ஏற்றாத இடம் எது என்று பார்த்தால், பெரும்பாலும் அங்கே இந்த நிலைமைதான் இருக்கும். கொடுக்கிற சம்பளத்துக்கு ஆள் வேண்டும். ஆள் வருகிற அளவுக்குச் சம்பளம் கொடுத்தால் பழையவர்களுக்கும் ஏற்ற வேண்டி வரும். ஆகவே பேனர் தொங்கிக்கொண்டே இருக்கும்.

நம் குடும்பங்களுக்கு இது புதிய கதையும் இல்லை. என் தாத்தா செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வீடு தோட்டத்து லயம். பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி. அரிசி தோட்டத்துக் கடையில் கடனுக்கு. காய்ச்சல் வந்தால் தோட்டத்து மருந்துக்காரர். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகாமல் இரண்டு நாள் இருந்தால் தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுக்கே ஆள் அனுப்புவார். வேலையை விட்டால் வேலை மட்டுமா போகும்? கூரையும் பள்ளியும் கடனும் கோயிலும் சேர்ந்து போகும். "வேற எங்கே போவே?" என்று யாரும் தாத்தாவிடம் கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தோட்ட முதலாளிகள் ஒருவர் ஆளை இன்னொருவர் இழுப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். கூலியையும் தனித்தனியாக வைக்காமல் சேர்ந்தே வைத்தார்கள். 1920களின் கடைசியில் முக்கியத் தோட்ட வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர் கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதையும் வெட்டினார்கள். ஆக, நூறு தோட்டம் இருந்தும் முதலாளி ஒருவர்தான். அதே தோட்டங்களில் சீனத் தொழிலாளர்களுக்குக் கூடுதல் கூலி கிடைத்தது. அவர்கள் பெரும்பாலும் குத்தகைக்காரர் மூலம் வந்தவர்கள். விலை படியவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் போவார்கள். மரமும் கத்தியும் பாலும் ஒன்றுதான். போக முடிந்தவருக்கு ஒரு கூலி, போக முடியாதவருக்கு ஒரு கூலி. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கை சீனர்களுக்கு இணையான கூலி. துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. நாதனைக் கைது செய்தார்கள், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். கூலியையும் சைக்கிளையும் ஒரே பட்டியலில் அவர்கள் வைத்ததை நான் அடிக்கடி நினைப்பேன். போக இடமில்லாதவரிடம் பணத்தை மட்டும் பிடித்துக்கொள்வதில்லை, மரியாதையையும் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் மேனேஜரின் சிரிப்பு உங்களை ஏன் அவ்வளவு சுட்டது என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பினாங்கில் இதற்கு நேர்மாறான கதையும் நடந்தது. 1969இல் சுங்க வரியில்லாத் துறைமுகம் என்ற அந்தஸ்து போய், வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்திருந்த தீவில், முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில் 1972இல் பாயான் லெப்பாஸ் வர்த்தக மண்டலம் வந்தது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று எட்டுப் பெரிய நிறுவனங்கள் சில வருடத்துக்குள் அக்கம்பக்கமாக வந்து உட்கார்ந்தன. எட்டு சாமுராய் என்று அவற்றைச் சொல்வார்கள். என் சின்னம்மா தோட்டத்திலிருந்து அங்கே வேலைக்குப் போனவர். முதல் கம்பெனியில் சம்பளம் பிரமாதமில்லை. ஆனால் ரோட்டைத் தாண்டினால் இன்னொரு கம்பெனி. ஒன்றரை வருடத்தில் தாண்டினார். இன்னும் இரண்டு வருடத்தில் மறுபடியும் தாண்டினார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடியது. ஒரு கம்பெனி மட்டும் வந்திருந்தால் சின்னம்மா அங்கேயே அதே சம்பளத்தில் இருந்திருப்பார்.

இன்று உங்கள் ஊரைச் சுற்றி ஒரே கம்பெனி என்கிறீர்கள். வரைபடத்தில் பார்த்தால் அது சரியில்லை, பத்து காவான் தொழிற்பேட்டை தூரமில்லை. அங்கிருந்து 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் நேரே தீவுக்குப் போகிறது. 2019 முதல் மோட்டார்சைக்கிளுக்கு டோலும் கிடையாது. ஆனால் அதிகாலை மழையில் கடல் காற்றில் மோட்டார்சைக்கிளில் அந்தப் பாலத்தைத் தாண்டு என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். வரைபடத்தில் இருக்கிற வேலைக்கும் உங்கள் கைக்கு எட்டுகிற வேலைக்கும் நடுவில் அம்மாவின் டயாலிசிஸ் நேரம் இருக்கிறது, கணவரின் லாரி இருக்கிறது, கம்பெனி பஸ் எந்த முச்சந்தி வரை வருகிறது என்பது இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. பஸ் உங்கள் ஊருக்குள் வந்தால் அந்தக் கம்பெனி உங்களுக்கு ஒரு வழி. வராவிட்டால் அது சந்திரனில் இருக்கிற மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் லைனில் நேப்பாளத்துப் பிள்ளைகளோ வங்காளதேசத்துப் பிள்ளைகளோ இருப்பார்கள். அவர்களால்தான் நம் சம்பளம் ஏறவில்லை என்ற பேச்சு சாப்பாட்டு நேரத்தில் வரும். அவர்களுடைய வேலை பெர்மிட் ஒரே முதலாளி பெயரில் இருக்கிறது. சம்பளம் பிடிக்கவில்லை என்று பக்கத்துக் கம்பெனிக்கு நடந்து போக அவர்களால் முடியாது. நம் தாத்தாக்கள் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். போக முடியாத ஆட்கள் கையில் இருக்கும்போது, போக முடிந்தவருக்கும் முதலாளி ஏற்றிக் கொடுக்க வேண்டிய அவசியம் குறைகிறது, அது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் கை அவிழ்ந்தால் உங்கள் சம்பளமும் ஏறும். கோபம் அவர்கள் மேல் போக வேண்டாம்.

இனி உங்கள் காரியம்.

வேலைக் கடிதத்தில் இருக்கும் அந்த ஒரு வருடத் தடையைப் பற்றி முதலில். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகு வேறு இடத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனைகளை நம் நீதிமன்றங்கள் இந்தப் பிரிவின்படி செல்லாது என்றே சொல்லி வந்திருக்கின்றன. கம்பெனி இரகசியங்களை வெளியே சொல்லக் கூடாது என்பது வேறு, அது உங்களைக் கட்டும். கம்பெனி செலவில் பயிற்சிக்கு அனுப்பி, இத்தனை வருடம் இருப்பேன் என்று தனியாகக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதுவும் வேறு. அப்படி ஏதாவது இருந்தால் தொழிலாளர் இலாகாவில் காட்டிக் கேளுங்கள். மற்றபடி அந்த வரியை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஒரு லைன் லீடரின் கடிதத்தில் அதை எழுதியதே பயமுறுத்தத்தான். விலகுவதானால் கடிதத்தில் சொன்ன நோட்டீஸ் காலத்தைக் கொடுத்தால் போதும். அதில் எதுவும் சொல்லவில்லை என்றால், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வேலைச் சட்டப்படி எட்டு வாரம்.

அடுத்து, எவ்வளவு கேட்பது. 1,500 இருந்தபோது உங்களுக்கு 2,050. அதே விகிதத்தில் 1,700க்கு 2,323 வர வேண்டும். நீங்கள் 2,150 வாங்குகிறீர்கள். ஆக, உங்கள் அனுபவத்துக்கு அன்று இருந்த விலையைத் திரும்பக் கொடுத்தாலே 173 வெள்ளி ஏற வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் ஏறும்போது மேலே இருப்பவர்களுக்கும் ஏற்றச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அங்கேதான் உங்களைப் போன்ற சீனியர்கள் நசுங்குகிறார்கள். 2,350 கேளுங்கள். காரணம் சொல்லும்போது வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லாதீர்கள். இந்த விகிதக் கணக்கைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பதில் ஒருவரைப் பழக்க எத்தனை மாதம் ஆகும், அந்த மாதங்களில் கழிவு எவ்வளவு கூடும் என்பதைச் சொல்லுங்கள். அது உங்களுக்குத்தான் மேனேஜரை விட நன்றாகத் தெரியும். ஓவர்டைம் கூடுதலாகத் தருகிறோம் என்றால் அதை உயர்வாக எண்ணாதீர்கள். 2,150ஐ 26 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 10 வெள்ளி 34 சென். ஓவர்டைம் அதில் ஒன்றரை மடங்கு, 15 வெள்ளி 50 சென். அடிப்படை குறைவாக இருந்தால் ஓவர்டைமும் குறைவு. ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்டுவதும் இல்லை. அடிப்படை ஏறினால் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து ஏறும்.

தனியாகப் போகாதீர்கள். உங்களைப் போல எத்தனை லைன் லீடர்கள் இருக்கிறார்கள்? ஆறு பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், "வேற எங்கே போகப் போறீங்க" என்று ஆறு பேரிடமும் சிரித்துக்கொண்டே கேட்க முடியாது. வாங்குபவர் ஒருவர் என்றால் விற்பவர்களும் ஒருவராகச் சேருவதுதான் பழைய வழி; தொழிற்சங்கம் என்பது அதுதான். 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு, சேர்ந்தே கூலி வைத்த தோட்ட முதலாளிகளுக்கு எதிரே தொழிலாளர்களும் ஒரே பெரிய சங்கமாக உட்கார்ந்து பேசினார்கள். மின்னணுத் துறையில் இந்த உரிமை மிகத் தாமதமாகத்தான் வந்தது. 2024இல் திருத்திய சட்டப்படி ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் அமையலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்குவதைத் தொழில்துறை உறவுச் சட்டம் தடுக்கிறது. உங்கள் கம்பெனியில் சங்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அங்கே தொடங்குங்கள்.

அப்புறம், வெளியே ஒரு வேலைக்கு உண்மையாகவே விண்ணப்பியுங்கள். போகத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. கையில் வேலைக் கடிதம் இருக்கும்போது அந்தப் பெயர்ப் பட்டியலில் உங்கள் பக்கத்துக் கட்டத்தில் குறி மாறும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், வேறு எதுவும் அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. ஆனால் உங்கள் திறமை வெளியே தெரிய வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகள் ஒன்றோடு ஒன்று இணைந்து, ஊரில் வேலை கொடுப்பவர்கள் மிகவும் குறைந்துபோன இடங்களை ஆராய்ந்தார்கள். தாதியர், மருந்தகப் பணியாளர்களின் சம்பள வளர்ச்சி குறைந்தது. சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை, அவர்கள் எந்தக் கடைக்கும் போகலாம். திறமை கூடக் கூட, அது ஓரிடத்தில் மட்டும் செல்லுபடியானால், பிடியும் இறுகும். நீங்கள் 12 வருடத்தில் கற்ற தரச் சோதனையும் ஆவணமும் ஆடிட்டும் எந்தத் தொழிற்சாலைக்கும் வேண்டியவை. ஆனால் அதைச் சொல்லும் காகிதம் உங்களிடம் இல்லை. திறன் மேம்பாட்டு இலாகாவில், வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தை வைத்தே மலேசியத் திறன் சான்றிதழ் தரும் பிபிடி என்ற முறை இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

வேலை கிடைத்தால் இப்படிக் கணக்குப் போடுங்கள். பத்து காவானில் அடிப்படை 2,450 என்று வையுங்கள், 300 கூடுதல். போக முக்கால் மணி, வர முக்கால் மணி அதிகம் என்றால், 26 நாளைக்கு 39 மணி நேரம். 300ஐ 39ஆல் வகுத்தால் மணிக்கு 7 வெள்ளி 70 சென்னுக்குள். இப்போது உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 10 வெள்ளி 34 சென். ஆக, இன்றைய கணக்கில் 300 வெள்ளி உயர்வுகூட உங்களுக்கு நட்டம். உங்கள் முதலாளிக்கு இந்தக் கணக்கு தெரியும். சுற்றியுள்ள சம்பளத்தைவிட 300 குறைவாகக் கொடுத்தாலும் நீங்கள் நகர மாட்டீர்கள் என்று அவருக்கு இருக்கும் தைரியம் இங்கிருந்துதான் வருகிறது. அதே சமயம் பத்து காவானில் ஒரு கம்பெனி மட்டும் இல்லை. என் சின்னம்மாவைப் போல இரண்டாவது முறை ரோட்டைத் தாண்டுவது அங்கே சுலபம். முதல் வருடத்தை மட்டும் பார்த்தால் நட்டம், ஐந்து வருடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் லாபம். அம்மாவின் உடல்நிலைக்கு ஐந்து வருடக் கணக்குப் போட மனசு வரவில்லை என்றால் அதை நான் முழுக்கப் புரிந்துகொள்கிறேன்.

அம்மாவுக்காக இருந்துவிடுவது என்று முடிவு செய்தாலும் வெறுங்கையோடு இருக்காதீர்கள். 2023 முதல், வேலை நேரத்தை மாற்றி அமைக்கச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்கும் உரிமை வேலைச் சட்டத்தில் இருக்கிறது. 60 நாளுக்குள் முதலாளி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் இருக்கும் மூன்று நாளும் காலை ஷிப்ட் வேண்டும் என்று கேளுங்கள். கம்பெனிக்கு அதில் பெரிய செலவில்லை, உங்களுக்கோ அது 200 வெள்ளிக்குச் சமம். சம்பளக் கடிதத்தையும் இதையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டாம். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மறுத்துவிடுவார்கள். முதலில் ஷிப்ட், அது எழுத்தில் வந்த பிறகு, மற்ற லைன் லீடர்களோடு சேர்ந்து சம்பளம்.

என் யோசனை இது: இந்த மாதமே வேலையை விடாதீர்கள். ஷிப்டுக்கு எழுதுங்கள், வெளியே விண்ணப்பம் போடுங்கள், ஆறு பேரிடம் பேசுங்கள். மூன்று மாதம் கழித்து 2,350க்குப் பதில் 30, 50 என்று இழுத்தால், வெளிவேலை கையில் இருந்தால், போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. விடியற்காலையில் பத்து காவான் போகும் கம்பெனி பஸ்கள் சுங்கை பாக்காப் பக்கம் எங்கே நிற்கின்றன என்று ஓர் ஓய்வு நாளில் போய்ப் பாருங்கள். ஏறுகிற பெண்களில் யாராவது ஒருவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? சாயங்காலம் பஸ் இங்கே திரும்பி வந்து சேர எத்தனை மணி ஆகிறது? இரண்டாவது பதிலை அம்மாவின் டயாலிசிஸ் அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மிச்சக் கணக்கைச் சேர்ந்து போடுவோம்.